மஸ்கட் மாப்பிள்ளை

எனக்கு ஒரு கணவர் இருந்தார். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். நல்ல உயரம், கொஞ்சம் கறுப்பு, பல்வரிசை அழகாக இருக்கும். குடிக்க மாட்டார். அவரை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஜீவனஹள்ளியில் எங்கள் தெருக் குழாயடியில், தண்ணீர் வராத ஒரு காலை நேரத்தில், அம்மாவின் வாயிலிருந்து வந்தவர் அவர்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். அம்மா ஒரே பொய்யில் நடத்தி முடித்துவிட்டாள். பந்தல் இல்லை, பிரியாணி இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அவள் அப்படிச் செய்ததற்குக் காரணம் நான்தான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயா வேலை பார்த்தாள். அப்பா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்விட்டார். நான் பி.யு.சி. முடித்து, டைப்ரைட்டிங் பாஸ் பண்ணி, பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் ஆபீசில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஐரோப்பாவிலிருந்து ஒருத்தி வந்தாள். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. பாதி வருஷம் வெயிலே எட்டிப் பார்க்காத நாடு, அவ்வளவு போதும். வந்த வாரமே என் மேஜையைக் கேட்காமல் ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் சண்டைக்குப் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது பள்ளிக்கே தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேஜையைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். மறுநாள் நானே அதை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டேன், வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

அப்படி ஆரம்பித்து, அடுத்த வருஷம் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து குடியிருந்தோம். கீழே இருந்த வீட்டுக்காரர் என்னை வெள்ளைக்காரம்மாவுக்குத் துணையாக வந்த ஆபீஸ் பெண் என்று நினைத்தார். நாங்கள் அவரைத் திருத்தவில்லை. நான் அவளைக் காதலித்தேன், அவளும் என்னை. அந்த வார்த்தையை நாங்கள் எந்த மொழியிலும் அதிகம் சொல்லிக்கொண்டதில்லை. காலையில் யார் பால் வாங்கப் போவது என்பதில்தான் எங்கள் பேச்செல்லாம் போனது.

அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கட்டில் ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்காரர் சைவம் என்பதால் மீன் சமைக்க முடியாது என்று நான் சொன்னதற்கு மட்டும் திட்டினாள். கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, வெள்ளைக்காரிக்குக் கையால் பிசைந்து சாப்பிடச் சொல்லிக்கொடுத்து, பஸ் ஏறிப் போய்விட்டாள். அந்த வாரம்தான் குழாயடியில் எதிர்வீட்டு அத்தை கேட்டிருக்கிறாள், வயசுக்கு வந்த பெண் ஏன் வீட்டுக்கே வருவதில்லை என்று. அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாளாம், எனக்கு ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை மஸ்கட்டில், மாமியார் வீடு மல்லேஸ்வரத்தில் என்று.

எனக்கு இது எதிர்வீட்டு அத்தை வாழ்த்து சொன்னபோதுதான் தெரியும். அம்மாவிடம் குதித்தேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே இருந்தாள்.

“ஊர் வாய மூட உலமூடி இருக்குதா? உன்னால எனக்குத்தான் பேஜாரு. ஒரே வார்த்த சொன்னேன், தெரு மூடிக்கிச்சி. இப்ப இன்னா கெட்டுப்போச்சி?”

அவள் கமர்ஷியல் தெருவில் ஒரு கவரிங் தாலிச்செயின் வாங்கி வைத்திருந்தாள். வாரா வாரம் தெருவுக்கு வரும்போது மட்டும் நான் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. காக்ஸ் டவுனில் பஸ் இறங்கும் முன் கழுத்தில் மாட்டுவேன், திரும்பும்போது கழற்றிக் கைப்பையில் போடுவேன். கண்டக்டர் ஒருவர் அதை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி முறைக்க ஆரம்பித்தார். அந்த ஆளுக்காகவே நான் பஸ்ஸை மாற்றினேன்.

இதற்கிடையே பள்ளியின் திட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் நின்றுபோனது. வெள்ளைக்காரியின் வேலை விசாவும் அதோடு நின்றது. வெளிநாட்டவர் பதிவு செய்யும் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். எதற்காக இங்கே இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். படிப்பா, வேலையா, கணவர் இந்தியரா? மூன்றும் இல்லை என்றால் சுற்றுலா விசாவில் வந்து, ஆறு மாதத்தில் கிளம்ப வேண்டியதுதான். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். ஒரு இந்தியப் பையனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டால் எல்லாத் தொல்லையும் தீரும் மேடம் என்று சிரித்தபடி சொன்னார். அவளும் சிரித்தாள். எனக்கு மேஜை மேல் இருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து வீசலாம் போல இருந்தது.

அப்புறம் எங்கள் வாழ்க்கை பாதிப் பாதியாக ஆனது. ஆறு மாதம் இங்கே இருப்பாள். பிறகு தன் ஊருக்குப் போய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து பணம் சேர்த்துத் திரும்பி வருவாள். நான் அங்கே போய்ப் பார்க்கலாம் என்று ஒருமுறை சென்னைக்குப் போய் விசா கேட்டேன். கல்யாணம் ஆகாதவள், சொத்து இல்லாதவள், திரும்பி வர என்ன காரணம் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். காரணம் ஒருத்தி ஜீவனஹள்ளியில் பள்ளிக்கூடம் பெருக்கிக்கொண்டிருக்கிறாள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு நேரம் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவள் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அம்மாவுக்குப் பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவாள். சோப்பு, சாக்லேட், போர்வை, முட்டிவலிக்கு ஒரு களிம்பு. அம்மா அதில் தனக்கென்று களிம்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைத் தெருவில் பங்கு போடுவாள். எல்லாம் மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து அனுப்பியது. சோப்பு உறையில் பெரிய பனிமலைப் படம் போட்டிருந்தது. மஸ்கட்டில் பனி பெய்யுமா என்று யாரோ கேட்டதற்கு, ஏசி போடுவதே எங்கள் மாப்பிள்ளைதானே என்று சொல்லிவிட்டாளாம் அம்மா. இதை எங்களிடம் வந்து அவளே சொல்லிச் சிரித்தாள். வெள்ளைக்காரி அன்று விழுந்து விழுந்து சிரித்ததில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

இப்படி மாப்பிள்ளையின் பெயர் தெருவில் ஓங்கியது. எதிர்வீட்டு அத்தை தன் தம்பிக்கு அங்கே ஒரு வேலை பார்த்துத் தரச் சொன்னாள். அவனுடைய பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் அம்மாவிடம் வந்து சேர்ந்தன. அம்மா அவற்றை பீரோவில் வைத்துவிட்டு, சொல்லியிருக்கிறேன், பார்ப்பதாகச் சொன்னார் என்று காலத்தை ஓட்டினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை சொன்னேன். சும்னே இரு என்று என் வாயை அடக்கினாள்.

அதே சமயத்தில்தான் போட்டோ போட்ட வாக்காளர் அட்டைக்காகக் கணக்கெடுக்க வந்தார்கள். என் பெயர் ஜீவனஹள்ளி விலாசத்தில்தான் இருந்தது. கணக்கெடுப்பவர் கணவர் பெயர் கேட்டபோது சுற்றிலும் தெருப் பெண்கள் நின்றிருக்கிறார்கள். அம்மா என்ன செய்வாள்? வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லிவிட்டாள். அட்டை வந்தது. அதில் என் முகம் ஜேப்படிக்காரி மாதிரி இருந்தது. பக்கத்தில் கணவர் பெயர். பிறக்காத மனிதர் அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டார்.

அப்போது அதை ஒரு தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் அவளுக்கு இந்திய விசா கிடைக்காமல் போனது. இத்தனை முறை சுற்றுலா வந்து என்னதான் பார்க்கிறீர்கள் என்று கேட்டு மறுத்துவிட்டார்கள். இனி அவள் வர முடியாது. நானும் அங்கே போக முடியாது. எஸ்.டி.டி. பூத்தில் நின்று அவள் அழுததைக் கேட்டேன். அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வழி இருந்தது. அவள் நாட்டில் சட்டம் மாறியிருந்தது. கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களும், இருவரும் பெண்ணாகவே இருந்தாலும், துணையை அழைத்துக்கொள்ளலாம். அதற்கு இருவருக்கும் வேறு கணவன் மனைவி இருக்கக் கூடாது. அப்படி இல்லை என்று நான் வசிக்கும் இடத்து அரசாங்க அதிகாரி எழுதித் தர வேண்டும். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். கல்யாணம் ஆகாததுதான் என்னிடம் நிறைய இருக்கிறதே.

தாலுகா ஆபீசில் விலாசத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். வாக்காளர் அட்டையை நீட்டினேன். அப்புறம்தான் எனக்கே உறைத்தது. குமாஸ்தா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னடத்தில் கேட்டார், “கணவர் எங்கேம்மா?”

கல்யாணம் ஆகாதவள் என்று ஒருமுறை விசா இல்லை என்றார்கள். இப்போது கல்யாணம் ஆனவள் என்று விசா இல்லாமல் போகப் போகிறது. அப்படி ஒரு ஆளே இல்லை சார் என்றேன். ஓடிவிட்டாரா என்று கேட்டார். விவாகரத்து ஆகியிருந்தால் கோர்ட்டுத் தீர்ப்பு கொண்டுவா, செத்திருந்தால் இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றார். இல்லாத ஆளை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? வாசலில் நின்ற ஒரு புரோக்கர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் பின்னாலேயே வந்து, கவலைப்படாதீர்கள் மேடம், ஆளை முடித்துவிடலாம், எல்லாப் பேப்பரும் ரெடி பண்ணித் தருகிறேன் என்றார். விதவையாகிவிட்டால் பிரச்சினையே இல்லையாம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல். அம்மாவுக்கும் இது வசதி என்று கணக்குப் போட்டேன். மருமகன் செத்தால் தெரு வந்து கூட உட்கார்ந்து அழும். மருமகனே இல்லை என்றால் காறித் துப்பும். நேராக அம்மாவிடம் போனேன். மாப்பிள்ளையைச் சாகடித்துவிடலாம், கரண்ட் ஷாக் அடித்தது என்று சொல்லிவிடலாம், ஏசி மெக்கானிக்தானே என்றேன்.

அம்மா பள்ளியிலிருந்து வந்து முட்டிக்குக் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

“வேணாம்டி. உசுரோட இருக்கறவள இன்னாத்துக்கு சாகடிக்கணும்?”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இத்தனை வருஷமும் அவள் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று சொன்னபோது வெள்ளைக்காரியைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். களிம்புக் கையாலேயே என் தலையைத் தடவினாள், முடியெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது.

உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அதற்கும் தாலுகா ஆபீசில் ஒரு முறை இருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தெருவுக்கே வந்து விசாரிப்பார். பெற்றவள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். அதாவது, எந்தத் தெருவின் வாயை அடைக்க அம்மா மாப்பிள்ளையைப் பெற்றாளோ அதே தெருவின் நடுவில் நின்று அவள் சொல்ல வேண்டும். நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. அம்மா நன்றாகத்தான் சாப்பிட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு காலை நேரத்தில் வந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். நாற்காலி போட்டால் எங்கள் தெருவில் கூட்டம் தானாக வரும். அவர் கன்னடத்தில் கேட்கக் கேட்க அம்மாவும் கன்னடத்தில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாண விஷயம் வந்ததும் தமிழுக்கு மாறினாள். தெருவுக்கும் கேட்கட்டும் என்றுதான் மாறினாள் என்று நினைக்கிறேன்.

“எம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவல சார். மஸ்கட் மாப்ளன்னு ஒருத்தன் இல்ல. நாந்தான் பொய் சொன்னேன். சோப்பு, போர்வ, எல்லாம் இவகூட இருந்த அந்த வெள்ளக்காரப் பொண்ணு கொண்டாந்தது.”

இப்போது எதற்குச் சான்றிதழ் என்று அவர் கேட்டார். இவள் போய் அந்தப் பெண்ணோடு இருக்கப் போகிறாள், இனி அதுதான் இவள் வீடு என்றாள் அம்மா. அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘வெளிநாடு செல்வதற்காக’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து போட்டார். எதிர்வீட்டு அத்தை போடவில்லை. தன் தம்பியின் பாஸ்போர்ட் நகல் இரண்டு வருஷமாக எங்கள் பீரோவில் கிடக்கிறதே, அவன் தனக்கு வந்த வேறு வேலையையெல்லாம் விட்டுவிட்டு மஸ்கட்டுக்காகக் காத்திருந்தானே என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு சொல்லும் தப்பில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கையெழுத்து இல்லாமல் எழுத முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று எழுந்தார். இன்னொரு நாள் என்று ஒன்று எங்களுக்கு இல்லை. வெள்ளைக்காரியின் நாட்டில் எங்கள் விண்ணப்பத்துக்குக் கொடுத்த கெடு முடிய இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கதவை உடைத்திருப்பேன். அம்மா என்னைக் கையால் பின்னால் தள்ளிவிட்டு அவளே போனாள். மூடிய கதவின் முன்னால் நின்று, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி பேசினாள். அம்மாவுக்கு அவளைவிடப் பத்து வயசாவது அதிகம் இருக்கும்.

“கோவமா இருந்தா வெளிய வந்து என்ன ரெண்டு அடி அடிச்சிடு. கையெழுத்த மட்டும் போட்டுடும்மா. எம் பொண்ணு வாழணும்.”

கதவு உடனே திறக்கவில்லை. அம்மா நகரவும் இல்லை. கடைசியில் அத்தை வெளியே வந்தாள். அம்மாவைப் பார்க்காமல் நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள். அந்த மாப்பிள்ளையை நாங்கள் யாருமே பார்த்ததில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கையெழுத்து போட்டாள். ஆயித்தும்மா, வேலை முடிந்தது என்று இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். அத்தை தம்பியின் நகலையும் போட்டோவையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு நான் கிளம்பும்வரை அவள் அம்மாவோடு பேசவில்லை. குழாயடியில் அம்மா வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அப்படியே செய்தார்கள். அம்மா எல்லோரும் பிடித்து முடிந்த பிறகு கடைசியாகத் தண்ணீர் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

சான்றிதழ் வந்தது. மழைக்காலம் முடியும்போது விசாவும் வந்தது. சேதி சொல்ல பூத்துக்குக் கிளம்பினேன். தானும் வருவேன் என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். நான் பேசி முடித்ததும் போனை வாங்கினாள். அம்மாவிடம் கற்ற தமிழ்தான் வெள்ளைக்காரியின் தமிழ் என்பதால் இருவருக்கும் பேச்சு சுலபம். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றவர்கள் சம்பந்தியிடம் சொல்வார்களே, அதை அம்மா சொன்னாள்.

“அவளுக்கு வாய் ஜாஸ்தி. மனசுல ஒண்ணும் வெச்சிக்க மாட்டா. நீதான் பாத்துக்கணும்.”

அந்தப் பக்கத்தில் என்ன பதில் வந்ததென்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா சரி, சரி என்று தலையை ஆட்டினாள். போனுக்குத் தலையாட்டினால் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

திரும்பும்போது ரோடு ஓரமாக நடந்தோம். அம்மாவுக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் நடந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோது, கோபமோ அழுகையோ இல்லாமல், கடையில் காய் விலை சொல்வது போலச் சொன்னாள்.

“பொய் சொல்லிகினு இருந்தேன், வாரம் தவறாம வந்து பாத்தே. நெஜத்த சொன்னேன், போறே.”

ரயில் போனதும் கேட்டைத் தூக்கினார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினாள். அந்தப் பக்கம் போன பிறகும் அவள் விடவில்லை, நானும் விடவில்லை.